இழுத்துப் பேசுபவன் யார்? – 'ட்றோல்' என்ற ஆங்கிலச் சொல் பற்றிச் சில குறிப்புகள்

மொழிபெயர்ப்பின் சிக்கல்கள் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் பெரிய சொற்களையே எடுத்துக்கொள்கிறோம். தத்துவச் சொற்கள், கலைச்சொற்கள், சமயச் சொற்கள் ஆகியவற்றுக்குத் தமிழில் என்ன நிகர் என்று விவாதிக்கிறோம். ஆனால் ஒரு கதையின் நிறத்தையே மாற்றிவிடக்கூடியவை பல வேளைகளில் மிகச் சிறிய சொற்களே. உரையாடலின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்ற வினைச்சொற்கள் அத்தகையவை. 'என்றான்', 'கேட்டாள்', 'முணுமுணுத்தான்', 'அதட்டினான்' என்பவற்றை வாசகர் கவனிப்பதில்லை. கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். ஆனால் பேசியவர் எத்தகையவர் என்ற தீர்ப்பு அந்த இடத்திலேதான் எழுதப்படுகிறது.

அவ்வாறான ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'ட்றோல்'. சமூக ஊடகங்களில் ஒருவரைச் சீண்டுவதற்குச் சொல்லப்படும் 'ட்ரோல்' வேறு, இது வேறு. உயிரெழுத்துகளை நீட்டி, ஆறஅமரப் பேசுவதையே இச்சொல் குறிக்கிறது. ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் 'இழுத்துப் பேசு', 'மெதுவாகப் பேசு' என்ற வகையிலான பொருளே பெரும்பாலும் கிடைக்கும். அகராதி சொன்னது பிழை என்று கூற முடியாது. ஆயினும் அதை அப்படியே எடுத்துக் கதைக்குள் வைத்தால் கதை பிழைத்துவிடுகிறது. அது எப்படி என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் பிறப்பு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. தாமதித்தல், சுணங்குதல் என்று பொருள்படும் 'ட்றாலென்' என்ற டச்சுச் சொல்லோடு இதற்கு உறவு சொல்லப்படுகிறது. இழுத்தல் என்ற பொருளுடைய 'ட்றோ' என்ற ஆங்கில வினையோடும் தொடர்புபடுத்துவர். அதாவது பேச்சைக் குறிக்க வருவதற்கு முன்பே இச்சொல்லின் சுற்றத்தில் சோம்பலும் சுணக்கமும் இருந்திருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் 'வின்ட்ஸர் நகரத்து உல்லாச மனைவியர்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் பேஜ் என்ற பாத்திரம் நிம் என்ற அடியாளைப் பற்றிக் குறைகூறும்போது இச்சொல்லைப் பாவிக்கிறது. அது தனியாக வரவில்லை. பாசாங்குக்காரன், போக்கிரி என்ற பொருளுடைய சொற்களோடு சேர்ந்தே வருகிறது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இழுத்துப் பேசுபவனை நம்பாதே என்ற எச்சரிக்கை இச்சொல்லுக்குள் குடிபுகுந்துவிட்டது.

இச்சொல்லின் நெருங்கிய உறவை வைத்து லூயிஸ் கரோல் ஒரு விளையாட்டு ஆடினார். 1865இல் வெளிவந்த 'அற்புத உலகில் அலிஸ்' என்ற நூலில், போலி ஆமை தான் கடலுக்கடியில் படித்த பாடங்களைச் சொல்லும்போது, சித்திரம் வரைதலைக் குறிக்கும் 'ட்றோயிங்' என்ற பாடம் 'ட்றோலிங்' ஆகிவிடுகிறது. சித்திர ஆசிரியர் இழுவை ஆசிரியராகிறார். அவரோ ஒரு கிழட்டு விலாங்கு மீன். ஆங்கிலப் பிள்ளைக்கு இது உடனே சிரிப்பு. தமிழில் 'வரைதல்', 'இழுத்தல்' என்ற சொற்களை வைத்து இச்சிரிப்பை உண்டாக்க முடியாது. 'கோடு இழு' என்று நாம் சொல்வதுண்டு. அதைப் பிடித்து ஒரு வழி தேடலாமே தவிர மூலத்தின் ஒலி கிடைக்காது. ஆயினும் இது சொல் விளையாட்டுப் பற்றிய சிக்கல். கதையிலே ஒரு மனிதன் இழுத்துப் பேசும்போது எழும் சிக்கல் இதைவிடப் பாரதூரமானது.

ஆங்கிலப் புனைகதையில் யார் இப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படுகிறது. சமூகத்தின் உச்சியில் இருப்பவனும் இப்படிப் பேசுகிறான். அடியில் இருப்பவனும் இப்படிப் பேசுகிறான். இடையில் இருப்பவன், அதாவது கணக்கப்பிள்ளை, கடைக்காரன், பாடசாலை ஆசிரியன் ஆகியோர் இழுத்துப் பேசுவது அரிது. அவர்களுக்கு நேரமில்லை போலும்!

உச்சியில் இருப்பவனுக்கு நல்ல உதாரணம் பாரோனஸ் ஒர்ஸியின் 'ஸ்கார்லட் பிம்பர்னல்'. 1905இல் நாவலாக வெளிவந்தது. கதை நடப்பது 1792இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில். ஸேர் பேர்ஸி பிளேக்னி என்ற ஆங்கிலக் கனவான் உலகத்தின் கண்ணுக்கு ஒரு மந்தன். அழகான உடை, தூக்கக் கலக்கமான பார்வை, நீட்டி நீட்டிப் பேசும் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்பவர்கள் இவனிடம் மூளை இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் கில்லட்டினுக்குப் போகவிருந்தவர்களை மீட்டெடுப்பவன் அவனே. அவனுடைய இழுவை ஒரு முகமூடி. இங்கே அந்த வினைச்சொல்லை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

நம் பிள்ளைகள் அறிந்த உதாரணமும் உண்டு. 1997இல் வெளிவந்த ஹரி பொட்டர் வரிசையின் முதல் நூலில் ட்றேகோ மல்ஃபோய் என்ற பணக்காரச் சிறுவன் முதன்முதலில் வாய்திறக்கும்போதே அவனுடைய குரல் இச்சொல்லால்தான் விபரிக்கப்படுகிறது. அவன் அலுத்துப்போன குரலில் இழுத்துப் பேசுகிறான். உலகம் தனக்காகக் காத்திருக்கும் என்ற நம்பிக்கை உள்ளவனின் பேச்சு அது.

இனி அடியில் இருப்பவன். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களின் பேச்சைக் குறிக்க 'தென்னாட்டு இழுவை' என்ற தொடரே ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. ஜோர்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டெக்ஸாஸ் என்று கேட்டவுடன் வடநாட்டானின் காதில் அந்த இழுவை ஒலிக்கிறது. அதோடு சேர்ந்து ஒரு சித்திரமும் வருகிறது. வெயில், திண்ணை, வெறுங்கால், படிப்பில்லாத மனிதன். பிரபுவின் இழுவை ஆணவம் என்று எழுதப்படுகிறது. விவசாயியின் இழுவை அறியாமை என்று எழுதப்படுகிறது. ஒலி ஒன்றுதான். தீர்ப்பு இரண்டு.

இந்த இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒருவன் உண்டு. ஓவன் விஸ்டர் 1902இல் எழுதிய 'வர்ஜீனியன்' நாவலின் கதாநாயகன். வர்ஜீனியாவில் பிறந்து வயோமிங் மேய்ச்சல் நிலத்தில் தொழில் செய்யும் மாட்டுக்காரன். அவனும் மென்மையாக இழுத்துப் பேசுபவன்தான். ஆனால் அவனுடைய ஆறுதலான பேச்சு எதிரிக்கு நடுக்கத்தைத் தருகிறது. பின்னர் வந்த நூற்றுக்கணக்கான 'கௌபோய்' கதைகளிலும் திரைப்படங்களிலும் குறைவாகவும் மெதுவாகவும் பேசும் வீரனின் மூலவடிவங்களுள் இவன் முக்கியமானவன்.

புனைகதைக்கு வெளியிலும் இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. 1947 ஒக்டோபர் 14ஆம் திகதி சக் யேகர் என்ற விமானி 'எக்ஸ்-1' விமானத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டினார். அவர் மேற்கு வர்ஜீனியாவின் மலைநாட்டுப் பிள்ளை. அந்த மண்ணின் இழுவையோடு பேசியவர். 1979இல் டொம் வுல்ஃப் எழுதிய 'த றைட் ஸ்டஃப்' என்ற நூல் ஒரு விடயத்தைக் கவனப்படுத்துகிறது. அமெரிக்கப் பயணிகள் விமானங்களின் ஒலிபெருக்கியில் கேட்கும் விமானிகளின் நிதானமான, இழுத்த பேச்சுக்கு மூலம் யேகரே என்று வுல்ஃப் சொல்கிறார். இராணுவ விமானிகள் அவரைப் பாவனை செய்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பாவனை செய்தார்கள். எந்த மலைநாட்டுப் பேச்சை நகரத்தார் பட்டிக்காட்டுத்தனம் என்றார்களோ, அதே பேச்சு முப்பதாயிரம் அடி உயரத்தில், விமானம் குலுங்கும் வேளையில், பயணிக்குத் தைரியமாக மாறியது. ஒலியை முந்திய மனிதனின் பேச்சைச் 'சுணக்கமான பேச்சு' என்று அகராதிச் சொல்லால் மொழிபெயர்த்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் இந்தப் பேச்சு உண்மையில் மெதுவானதா? மொழியியலாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வடக்கே விஸ்கொன்சினையும் தெற்கே வட கரோலினாவையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில் வடக்கத்தையவர் தெற்கத்தையவரைவிட விரைவாகப் பேசுவது தெரியவந்தது. எனவே வித்தியாசம் முற்றிலும் கற்பனையல்ல. ஆனால் காதிலே விழுகின்ற இழுவைக்கு முக்கிய காரணம் வேகமன்று, உயிரொலியின் உடைவு. தெற்கே ஒரு குற்றுயிர் நீண்டு இரண்டாகப் பிளக்கிறது. 'பெட்' என்பது 'பெ-யட்' போலவும், 'மேன்' என்பது 'மே-யன்' போலவும் கேட்கிறது. மறுபுறம், 'றைட்' என்பதில் உள்ள ஐகாரம் கூட்டொலியாகாமல் 'றாட்' என்று ஒற்றை நெடிலாகிறது. ஓர் அசை இரண்டாகக் கேட்பதால் வேற்றூரான் அதை 'மெதுவு' என்று புரிந்துகொள்கிறான். தனக்குப் பழக்கமில்லாத ஒலியை அவன் குறை என்று எண்ணுகிறான்.

டெனிஸ் பிரெஸ்டன் என்ற மொழியியலாளர் சாதாரண மக்களிடமே வரைபடத்தைக் கொடுத்து, எந்தப் பகுதியினர் 'சரியாக'ப் பேசுகிறார்கள், எந்தப் பகுதியினர் 'இனிமையாக'ப் பேசுகிறார்கள் என்று கேட்டார். மிச்சிகன் மக்கள் சரியான பேச்சுக்குத் தமக்கே உயர்ந்த இடத்தைக் கொடுத்தார்கள்; தென்னாட்டாருக்குக் கடைசி இடங்களைக் கொடுத்தார்கள். தென்னாட்டாரோ இனிமையைத் தம் பக்கம் வைத்துக்கொண்டார்கள். பேச்சைப் பற்றிய தீர்ப்பு பேசுபவனின் வாயில் பிறப்பதில்லை, கேட்பவனின் காதில் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதை நன்கறிந்த எழுத்தாளர் மார்க் ட்வெயின். அவரே இழுத்துப் பேசுவதில் பேர்போனவர். மிசூரியில் வளர்ந்த அவருக்கு இந்தப் பேச்சு தாயிடமிருந்து வந்தது என்பர். மேடைகளில் அதையே தன் ஆயுதமாக்கினார். அவருடைய குரல்பதிவு எதுவும் இன்று இல்லை. 1934இல் வில்லியம் ஜில்லெட் என்ற நாடக நடிகர் தன் பழைய அயலவரான ட்வெயினைப் போலப் பேசிக்காட்டிய பதிவு ஒன்றே இருக்கிறது.

ட்வெயின் எழுதும்போது என்ன செய்தார் என்பதே நமக்கு முக்கியம். 1865இல் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த 'தாவும் தவளை' கதையில் சைமன் வீலர் என்ற கிழவர் கதை சொல்கிறார். படித்த நகரத்தான் ஒருவன் அலுப்போடு கேட்டுக்கொண்டிருக்கிறான். கிழவர் சிரிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை, அவசரப்படுவதில்லை. ஒரு விபரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நீண்ட வாக்கியங்களிலேயே அவருடைய மெதுவு இருக்கிறது. வாசகன் வாக்கியத்தோடு நடக்க வேண்டியிருக்கிறது. நடந்தால் அந்தக் குரல் கேட்கிறது. முடிவில் முட்டாளாக நிற்பது கிழவர் அல்ல, அலுத்துக்கொண்ட நகரத்தானே. 1884இல் இங்கிலாந்திலும் 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்த 'ஹக்கிள்பெரி ஃபின்' நூலின் தொடக்கத்தில், பல வட்டார வழக்குகளை வேறுபடுத்திக் கவனமாக எழுதியிருப்பதாக அவர் ஒரு குறிப்பையே வைத்தார். பேச்சை வினைச்சொல்லால் விபரிப்பதை விட்டுப் பேச்சாகவே எழுதுவது என்பது இதுதான்.

அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனார்ட் 2001இல் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய எழுத்து விதிகளுள் ஒன்று, உரையாடலுக்குப் பின்னால் 'என்றான்' என்பதைத் தவிர வேறு வினை வேண்டாம் என்பது. பேச்சு பாத்திரத்துக்குரியது, வினையோ எழுத்தாளன் மூக்கை நுழைக்கும் இடம் என்பது அவர் கருத்து. இதை முழு விதியாக நான் ஏற்கவில்லை. ஸேர் பேர்ஸியின் கதைக்கு அந்த வினை அவசியம் என்று மேலே பார்த்தோம். ஆனால் எழுத்தாளனின் மூக்கு அங்கே நுழைகிறது என்ற கவனிப்பு மிகச் சரியானது.

இனித் தமிழுக்கு வருவோம். 'ட்றோல்' வரும் இடத்திலெல்லாம் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கைக்கு எட்டியதுபோல் எடுப்பது 'என்று இழுத்தான்' என்பதை. இங்கேதான் பெரிய விபத்து நேர்கிறது. தமிழ்க் கதைகளில் 'என்று இழுத்தான்' என்றால் பொருள் வேறு. "வந்து... அது..." என்று ஒருவன் இழுக்கிறான் என்றால், அவன் தயங்குகிறான். சொல்ல வந்ததைச் சொல்லப் பயப்படுகிறான். அல்லது சொல்லாமல் விட வழி தேடுகிறான். கடன் கேட்க வந்தவன் இழுப்பான். பரீட்சையில் தவறிய பிள்ளை வாப்பாவுக்கு முன்னால் நின்று இழுக்கும். ஆங்கிலப் பிரபுவோ தயங்குபவன் அல்லன். அவன் சொல்லை முடிக்க முடியாமல் நீட்டுவதில்லை. முடிக்க வேண்டிய அவசரம் தனக்கில்லை என்று காட்டவே நீட்டுகிறான். அவனை 'இழுத்தான்' என்ற ஒற்றைச் சொல்லால் தமிழாக்கினால் எஜமான் கடன்காரனாகிவிடுகிறான். மல்ஃபோய் என்ற திமிர் பிடித்த சிறுவன் வெட்கப்படும் சிறுவனாகிவிடுகிறான். ஒரு சொல்லால் பாத்திரம் தலைகீழாகிறது.

'நீட்டி முழக்கினான்' என்றால் அது வீண் விரிவு. 'ராகம் இழுத்தாள்' என்றால் சிணுங்கல். 'மென்று விழுங்கினான்' என்றால் மறைப்பு. 'நாக்குழறினான்' என்றால் நோயோ வெறியோ. இவை ஒவ்வொன்றும் நல்ல சொல். ஒவ்வொன்றும் வேறு சொல். ஆங்கிலம் ஒரே உறைக்குள் போட்டு வைத்ததைத் தமிழ் பல உறைகளில் வைத்திருக்கிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் முதலில் இவ்விடத்தில் எந்த இழுவை என்று கேட்க வேண்டும். பிரபுவுக்கு 'அவசரமே இல்லாத குரலில் சொன்னான்' என்பது போதும். விமானிக்கு 'நிதானமாக' என்பது போதும். வர்ஜீனியனுக்கு நம் நாட்டுத் தமிழிலேயே அருமையான சொல் இருக்கிறது: 'ஆறுதலாகச் சொன்னான்'.

இந்த 'ஆறுதல்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நூல்வழக்கில் அது தேற்றம். இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் அன்றாடப் பேச்சில் 'மெதுவாக, அவசரமின்றி' என்ற பொருளிலும் அதைப் பாவிக்கிறோம். 'ஆறுதலா வாங்க', 'ஆறுதலாக் கதைப்பம்' என்கிறோம். மெதுவுக்கும் தேற்றத்துக்கும் ஒரே சொல். ஆங்கிலச் சொல்லின் சுற்றத்தில் சோம்பல் இருக்க, நம் சொல்லின் சுற்றத்தில் இளைப்பாறல் இருக்கிறது. ஆனால் நம்மிடமும் வேறொரு சொல் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 'மந்தம்' என்பது அது. மெதுவும் அறிவின்மையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. வாசிப்பில் தாமதிக்கும் பிள்ளையின் தலையில் வகுப்பறைகள் சுலபமாக ஒட்டிவிடும் சொல் அது. பிறகு கழற்றுவது கடினம்.

நீட்டலைப் பற்றி நம் மரபுகள் மிகத் தெளிவாகச் சிந்தித்திருக்கின்றன. தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. அண்மையில் இருப்பவரை அழைக்கும் விளியும் தொலைவில் இருப்பவரை அழைக்கும் விளியும் அளவால் வேறுபடும் என்று தொல்காப்பியம் கூறுகிறது. வயலின் அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடும் கிராமத்தார் இன்றும் அந்த விதியின்படியே கூப்பிடுகிறார்கள். நகரத்தார் அதை இழுவை என்பார்கள். இலக்கணம் அதைத் தேவை என்கிறது.

அல்குர்ஆன் ஓதலிலும் இதுவே. ஸூரதுல் முஸ்ஸம்மிலின் 4ஆவது வசனம் தர்தீலாக, அதாவது நிறுத்தி நிதானமாக ஓதும்படி பணிக்கிறது. தஜ்வீத் கலையில் மத்து, அதாவது நீட்டல், ஹறகத் கணக்கில் அளக்கப்படுகிறது. இயல்பான மத்துக்கு இரண்டு. மத்து லாஸிமுக்கு ஆறு. குறைத்தாலும் தவறு, கூட்டினாலும் தவறு. நபி (ஸல்) அவர்கள் பேசினால் எண்ண விரும்புபவர் சொற்களை எண்ணிவிடலாம் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னதாக ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. குர்ஆன் மதரஸாவில் மத்துப் படித்த பிள்ளைக்கு நீட்டுவது சோம்பல் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நீட்டலுக்கு ஓர் உரிமை உண்டு, அளவு உண்டு என்பது அதற்குத் தெரியும். இந்தப் பின்னணியில் பார்த்தால் 'ட்றோல்' என்பதற்கு நான் கொடுக்க விரும்பும் வரைவிலக்கணம் இதுதான்: கேட்பவர் அனுமதிக்காத மாத்திரை.

அனுமதி கொடுப்பவர் யார் என்ற கேள்வி அதிகாரம் பற்றிய கேள்வி. மூஸா (அலை) அவர்கள் தமது நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு பிரார்த்தித்தது ஸூரா தாஹாவில் வருகிறது. ஸூரா ஸுக்ருஃபின் 52ஆவது வசனத்தில் ஃபிர்அவ்ன் தன் மக்களிடம், தெளிவாகப் பேசக்கூட மாட்டாத இவரைவிட நான் சிறந்தவனல்லவா என்ற பொருளில் கேட்கிறான். தூதின் உண்மைக்கு அவனிடம் பதில் இல்லை. ஆகவே அவன் பேசும் விதத்தைப் பிடித்துக்கொண்டான். சொன்னதை விட்டுவிட்டுச் சொன்ன விதத்தைப் பரிகசிப்பது ஆட்சியில் இருப்பவனின் பழைய தந்திரம்.

இந்த இடத்திலிருந்து நம் சொந்தக் கதைகளைத் திரும்பிப் பார்க்கலாம். 1960களில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டம் எழுத்தாளர்கள் பலருக்குத் தெரிந்ததே. சாதாரண மக்களின் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று தள்ளியவர்களுக்கு எதிராக முற்போக்கு எழுத்தாளர்கள் நின்றார்கள். அதன் பயனாக மட்டக்களப்புத் தமிழும் மலையகத் தமிழும் முஸ்லிம் கிராமங்களின் தமிழும் கதைகளுக்குள் தலைநிமிர்ந்து வந்தன. இன்று அதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்த வெற்றி மேற்கோள் குறிகளுக்குள்ளேயே நின்றுவிட்டதோ என்று ஐயப்பட இடமிருக்கிறது. உரையாடல் கிராமத்துக்குரியது, அதன் வாலில் வரும் வினையோ இன்னும் நகரத்துக்குரியதாகவே இருக்கிறது.

எந்த எழுத்தாளரையும் சுட்டாமல் நானே அமைத்த இரண்டு வாக்கியங்களைத் தருகிறேன். "'எனக்கென்ன மனே தெரியும்...' என்று கிழவி ராகம் இழுத்தாள்." இது ஒன்று. "'எனக்கென்ன மனே தெரியும்' என்றாள் மூத்தம்மா. அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை." இது மற்றொன்று. கிழவியின் பேச்சு இரண்டிலும் ஒன்றுதான். முதலாவதில் கதைசொல்லி அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். வாசகரையும் கூடச் சிரிக்கச் சொல்கிறான். இரண்டாவதில் அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை அவள் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று வாசகருக்குப் படுகிறது. அவள் கேலிப்பொருளாக இல்லாமல் மனுஷியாகிறாள். கதைகளில் 'இழுப்பவர்கள்', 'ராகம் பாடுபவர்கள்', 'வாயைக் கோணுபவர்கள்' யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள், முதியவர்கள், கூலிக்காரர்கள், வேற்றூரார். அதிபரும் மௌலவியும் டொக்டரும் 'கூறுவார்கள்'.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தென்னாட்டு அமெரிக்க விவசாயியைத் தமிழாக்கும்போது அவனுடைய வாயில் நம் கிராமத்துப் பேச்சை அப்படியே வைத்துவிடும் உற்சாகம் சிலரிடம் காணப்படுகிறது. அலபாமாக்காரன் 'வாறன் மனே' என்று சொன்னால் வாசகருக்கு ஒரு கணம் சுகம். மறுகணம் அவனுடைய பருத்தி வயல் மறைந்து நம் நெல் வயல் வந்துவிடும். ட்வெயின் காட்டிய வழியே நல்லது. ஒலியைப் போலி செய்வதைவிட வாக்கியத்தின் நடையை மெதுவாக்குவது மேல். விபரம் விபரமாக நகரும் நீண்ட வாக்கியம், பதில் வருவதற்கு முன் ஒரு சிறு காரியம் — தொப்பியைக் கழற்றுவதோ, புகையிலையை மெல்லுவதோ, வானத்தைப் பார்ப்பதோ. அதிலேயே இழுவை வந்துவிடும். மூன்று புள்ளிகளைச் சிந்திவிட்டுப் போவது இதற்கு மாற்றாகாது. அந்தப் புள்ளிகளும் தமிழில் தயக்கத்தையே குறிக்கின்றன.

'ட்றோல்' போன்ற சொற்களை ஒழித்துவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. மொழியில் எந்தச் சொல்லும் வீணானதல்ல. எழுதுபவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி மூன்று விடயங்களைக் கேட்டுக்கொண்டால் போதும். இந்தப் பேச்சு யாருடைய காதுக்கு மெதுவாகப் படுகிறது? அந்தக் காது கதையில் வரும் ஒருவருடையதா, அல்லது என்னுடையதா? இந்த வினையை எடுத்துவிட்டு 'என்றாள்' என்று மட்டும் எழுதினால் கதை எதையாவது இழக்குமா? முதல் கேள்விக்குக் கதையில் வரும் ஒருவரே விடையானால் சொல் நிற்கட்டும். ஸேர் பேர்ஸியின் எதிரிகள் அவனை மந்தன் என்று நினைப்பதுதானே கதை. ஆனால் விடை 'என்னுடைய காது' என்று வந்தால், எழுதியவர் தன் பாத்திரத்தைவிட உயரத்தில் ஏறி நின்றுகொண்டிருக்கிறார் என்று பொருள். அங்கிருந்து இறங்கி வந்து, அந்த மூத்தம்மா சொல்ல வந்ததை அவளுடைய நேரத்திலேயே சொல்லி முடிக்க விடுவதுதான் அவர் செய்யவேண்டிய வேலை.